கோடை மீன்பிடிப் போட்டிகளை நடத்தும் ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஒவ்வொரு கோடையிலும் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டி நடத்தும் ஊர்ச்சங்க, பழைய மாணவர் சங்க நிர்வாகிகளுக்கும் அவற்றில் கலந்துகொள்ளும் அன்பர்களுக்கும்,

வணக்கம். ஏரிகளில் இன்னும் பனிக்கட்டி கிடக்கும் இந்த நாள்களில்தான் உங்கள் செயற்குழுக்கள் கூடிக் கோடைக்கால நிகழ்வுகளின் திகதிகளைக் குறிக்கின்றன என்பதால், விதிகள் அச்சாகுமுன்னரே இந்தக் கோரிக்கையை முன்வைக்க விரும்புகிறேன். வரும் கோடையிலிருந்து உங்கள் போட்டிகளில் பாஸ் மீனைக் கரைக்குக் கொண்டுவந்து தராசில் தூக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். மீனைப் பிடித்த இடத்திலேயே அளவுப் பலகையில் வைத்து நீளத்தை அளந்து, ஒரு படம் எடுத்து, அங்கேயே தண்ணீரில் விடும் முறைக்கு மாறுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதையும், மாறினால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

கடந்த ஜூலையில் கவார்த்தா ஏரிகளில் ஒன்றின் கரையில் நடந்த ஒரு போட்டியில் நானும் கலந்துகொண்டேன். எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். நடத்தியவர்கள் நல்லவர்கள், சமையலிலிருந்து சிறுவர் விளையாட்டு வரை எல்லாவற்றையும் அக்கறையோடு செய்தவர்கள். காலை 7 மணிக்குத் தொடங்கிய போட்டியில் நண்பகல் 12 மணிக்குத்தான் எடை பார்ப்பார்கள் என்பதால், பிடித்த பாஸ் மீன்களையெல்லாம் செவுளுக்குள், நாங்கள் பூ என்று சொல்லும் இடத்துக்குள், நைலோன் கயிற்றைக் கோத்துப் படகுத்துறையின் கம்பத்தில் கட்டித் தண்ணீரில் விட்டிருந்தார்கள். நான் பார்த்தபோது ஒரு கயிற்றில் ஐந்து மீன்கள் கிடந்தன. மூன்று வயிறு மேலே தெரிய மிதந்தன. நான்காவது வாயை அகலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கயிறு உரசிய இடத்தில் பூவின் சிவப்பு வெளிறி, இழை இழையாகப் பிய்ந்திருந்தது. எடை பார்க்கும் நேரம் வந்ததும் அவற்றை அரிசிச் சாக்கில் போட்டு, மேப்பிள் மரக்கிளையில் தொங்கிய தராசில் கொழுவினார்கள். கைதட்டல் முடிந்த பிறகு, உயிர் இருந்த இரண்டையும் ஒருவர் நல்ல மனதோடு ஏரியில் எறிந்தார். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, "மாமா, அது ஏன் சரிஞ்சு சரிஞ்சு நீந்துது?" என்று கேட்டாள். அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்த மடலை அந்தப் பதிலாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

மீனைக் கொல்லக் கூடாது, உண்ணக் கூடாது என்பது என் வாதம் அல்ல. அனுமதிப்பத்திரம் எடுத்து, பருவத்தில் பிடித்து, அனுமதித்த எண்ணிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பதில் ஒரு தவறும் இல்லை. 1932 ஜூன் 2 ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்து மொன்ட்கொமரி ஏரியில் ஜோர்ஜ் பெரி பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் லார்ஜ்மவுத் (பெருவாய்) பாஸ் இன்று வரை உலகச் சாதனையாக நிற்கிறது. 2009 இல் ஜப்பானின் பீவா ஏரியில் பிடிபட்ட ஒன்றுதான் அதற்குச் சமமாக வந்தது. பெரியின் வீட்டில் அந்த மீனைச் சமைத்து உண்டார்கள். பொருளாதாரப் பெருமந்த காலத்து ஏழைக் குடும்பம் அது; அவர்கள் செய்ததில் குறைகாண ஏதும் இல்லை. என் மனக்குறையெல்லாம், உண்பதற்கும் அன்றி, உயிரோடு விடுவதற்கும் அன்றி, ஒரு தராசுக் கணக்குக்காக ஐந்து மணிநேரம் வதைபட்டுச் சாகும் மீன்களைப் பற்றியதுதான். உண்ண விரும்புவோர் மஞ்சள் பேர்ச், சன்ஃபிஷ் போன்ற சிறு மீன்களைப் பிடிக்கலாம். எண்ணிக்கையில் நிறைய உண்டு, பொரித்தால் பாஸை விடச் சுவை என்பது என் சொந்த முடிவு. ஒன்ராறியோவின் குளிர்நீரில் ஒரு பாஸ் முப்பது சென்ரிமீற்றரை எட்டவே நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம். தராசில் பரிசு வாங்கும் மீன் அதைவிட எத்தனையோ ஆண்டு மூத்தது. அப்படிப்பட்ட பெரிய மீனின் உடலில் பாதரசமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்பதால், மாகாண அரசு வெளியிடும் மீன் உண்ணல் வழிகாட்டியும் சிறிய மீன்களையே பரிந்துரைக்கிறது.

கயிற்றில் கட்டுவதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒன்ராறியோ விதிகளின்படி, கயிற்றிலோ வாளியிலோ நீங்கள் வைத்திருக்கும் மீன் உங்கள் அன்றைய எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். பிறகு விட்டாலும் கணக்கிலிருந்து கழியாது. பிடித்த பாஸை வைத்திருந்து, பெரியது கிடைத்ததும் சிறியதை விடுவதற்கான சலுகை, காற்றூட்டும் பொறி இடைவிடாமல் இயங்கும் தொட்டி பொருத்திய படகுகளுக்கே உண்டு. கரையில் நின்று பிடிக்கும் நம்மவர்களில் பெரும்பாலோரிடம் அப்படிப்பட்ட படகு இல்லை. ஆகவே நாளெல்லாம் மாற்றி மாற்றிக் கட்டி, கடைசியில் பெரிய ஆறு மீன்களை மட்டும் தராசுக்குக் கொண்டுபோகும் பழக்கம், மீனுக்குச் செய்யும் கொடுமையாக இருப்பதோடு சட்ட மீறலும் ஆகிவிடுகிறது. குறைந்த எண்ணிக்கைக்கே இடம் தரும் கொன்சர்வேசன் (பேணல்) வகை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு பெரும்பாலான மீன்பிடி வலயங்களில் பாஸ் எண்ணிக்கை வெறும் இரண்டுதான் என்பதையும் பலர் அறிந்திருக்கவில்லை.

தராசை விட்டுவிட்டால் போட்டியே இல்லை என்பவர்களுக்கு இந்த விளையாட்டின் வரலாற்றையே சான்றாகக் காட்ட விரும்புகிறேன். பாஸ் போட்டிகளை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்கொட். 1967 இல் ஆர்கன்சோவின் பீவர் ஏரியில் தம் முதல் பெரும் போட்டியை நடத்தியவர், அடுத்த ஆண்டு பாஸ் மீன்பிடிப்போருக்கான சங்கத்தைத் தொடங்கினார். அந்தத் தொடக்க ஆண்டுகளில் கட்டுக்கட்டாக இறந்த மீன்களைத் தூக்கிக் காட்டுவதே வெற்றியின் அடையாளமாக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1972 இல், பிடித்ததைக் கொல்லாதீர்கள் என்ற முழக்கத்தோடு தம் போட்டிகளின் விதியையே அவர் மாற்றினார். படகுகளில் காற்றூட்டிய தொட்டிகள் வந்தன. இறந்த மீனுக்கு எடை கழிக்கப்பட்டது. 2011 இல் தொடங்கிய இன்னொரு தொழில்முறைப் போட்டி அமைப்பு இன்னும் ஒரு படி சென்று, படகிலேயே எடைபார்த்து உடனே விடும் முறையைக் கொண்டுவந்தது. சிறு கயாக் படகுகளில் போட்டியிடுவோர் தராசையே கைவிட்டு, நீளத்தை அளந்து படம் எடுத்து விடுகிறார்கள். பிடித்தவற்றில் நீளமான ஐந்தின் கூட்டுத்தொகையே ஒருவரின் புள்ளி. நமக்குப் பொருந்துவது இந்தக் கடைசி முறை. ஏமாற்று வேலை நடக்கும் என்று அஞ்சத் தேவையில்லை. அன்று காலையில்தான் வெளியிடப்படும் ஒரு குறியீட்டெண்ணை அட்டையில் எழுதி, மீனோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்று விதித்தால் போதும்.

பிடித்த இடத்திலேயே விடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கரைக்குக் கொண்டுவந்து விடப்பட்ட பாஸ்கள் பல, தாம் பிடிபட்ட இடத்துக்குத் திரும்பாமல் விட்ட இடத்தைச் சுற்றியே தங்கிவிடுகின்றன என்று அடையாளம் பொருத்தி நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. போட்டிக்குப் போட்டி ஒரே துறைமுனையில் விட்டால், ஏரியின் ஒரு பகுதி வெறுமையாகி இன்னொரு பகுதி நெரிசலாகும்.

இனி, கருவிகளைப் பற்றி. மீன் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் கையில் வருமுன்பே, நாம் எதைக் கொண்டு பிடிக்கிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. நம்மவர்கள் விரும்பிப் பிடிப்பது மண்புழுவும் மிதவையும். தடியைக் கம்பில் சாய்த்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கும்போது மிதவை தாழ்ந்து மறைவதைச் சற்றுத் தாமதமாகவே கவனிக்கிறோம். அதற்குள் பாஸ் தூண்டில்முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கிவிடுகிறது. வாயின் ஓரத்தில் குத்திய மீன் ஏறத்தாழ எப்போதும் பிழைத்துக்கொள்ளும்; தொண்டையிலோ பூவிலோ குத்தி இரத்தம் வழியும் மீன் பிழைப்பது அரிது. ஆகவே புழு போட்டுப் பிடிப்பவர்கள் வட்டமுள்ளைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி செய்யுங்கள். நுனி உள்நோக்கி வளைந்த அந்த முள், விழுங்கினாலும் தொண்டையில் பதியாமல் இழுபட்டு வந்து வாய்மூலையில் கொழுவும். ஆனால் அதற்குப் பழக்கப்பட்ட வேகத்தில் தடியைச் சுண்டக் கூடாது; மெதுவாக நூலைச் சுற்றினால் தானாகவே கொழுவிக்கொள்ளும். மென்பிளாஸ்ரிக் புழுக்களை எடையின்றி நடுவில் குத்தி மூழ்கவிடும் முறையில் பிடிப்பவர்களும் இதே கவனத்தோடு நூலைத் தளர விடாமல் விரலில் உணர்ந்துகொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் அசையாமல் இறங்கும் அந்தப் புழுவை பாஸ் ஐயமின்றி முழுதாக விழுங்கிவிடும்.

முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். முதல் நாளே ஓரிரண்டு மீன் கழன்று போகலாம் என்று நானும் தயங்கியவன்தான். நூல் இறுக்கமாக இருக்கும்வரை எதிர்முள் இல்லாததால் நான் இழந்தவை மிகச் சில. ஆனால் முள்ளை எடுக்கும் நேரம் அரை நிமிடத்திலிருந்து இரண்டு வினாடியாகக் குறைந்தது. பிள்ளைகளின் விரலில் குத்தினாலும் அப்படியே கழன்று வரும். மூன்று முள் சேர்ந்த கொக்கிகள் இரண்டு மூன்றைத் தாங்கிய கடின இரைகளில் ஒன்று வாயில் குத்த, மற்றொன்று கண்ணில் கொழுவுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அவற்றுக்குப் பதில் ஒற்றை முள்ளைப் பொருத்தலாம், கடைகளில் அதற்கென்றே விற்கிறார்கள்.

நூலைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான பெருமை நிலவுகிறது. மெல்லிய தங்கூசி நூலில் பெரிய மீனை இழுப்பதுதான் திறமை என்கிறார்கள். தாமரையும் பாசியும் மண்டிய ஸ்கூகொக் போன்ற ஆழமில்லாத ஏரியில் ஆறு இறாத்தல் நூலோடு ஒரு லார்ஜ்மவுத்தோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினால், கரைக்கு வரும்போது அதன் தசையெல்லாம் களைத்துப் போயிருக்கும், அல்லது நூல் அறுந்து வாயில் முள்ளோடும் பாசியில் சிக்கிய நூலோடும் அது கிடந்து சாகும். அப்படிப்பட்ட இடத்தில் முப்பது இறாத்தலுக்குக் குறையாத பின்னல் நூலும் நடுத்தரத்தை விட உறுதியான தடியும் வேண்டும். ஸிம்கோ ஏரியின் தெளிந்த நீரில் ஸ்மோல்மவுத் (சிறுவாய்) பாஸ் பிடிக்கும்போது மெல்லிய நூல் தேவைப்படலாம். அங்கே றீலின் இழுவையைச் சரியாக வைத்து விரைவில் கரைசேர்ப்பதே திறமை. கோடை நடுவில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 10 பாகை வெப்பமுள்ள நீரில் ஒரு லீற்றருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்குமென்றால், 25 பாகையில் சுமார் 8 தான் இருக்கும். மூச்சு அதிகம் தேவைப்படும் வேளையில் தண்ணீரில் மூச்சு குறைவு. ஓகஸ்ட் நடுப்பகலில் போட்டி வைக்காமல் விடியலில் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிடுங்கள் என்று கேட்பதும் இதனால்தான்.

தூண்டில் நூலில் கட்டும் ஈயக்குண்டுகளையும் விலக்குங்கள். ஒரு டொலர் நாணயத்தில் நாம் தினமும் காணும் லூன் பறவை, கற்களை விழுங்கி இரையை அரைக்கும் பழக்கமுடையது; ஏரியடியில் கிடக்கும் ஒரு சிறு ஈயக்குண்டைக் கல்லென்று விழுங்கினாலே அது நஞ்சேறிச் சாகிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டுகள் 1990களிலிருந்தே தடைசெய்யப்பட்டுள்ளன. டங்ஸ்டன் விலை கூடுதல் என்றாலும், உருக்கிலும் வெள்ளீயத்திலும் செய்தவை மலிவாகக் கிடைக்கின்றன. கிழிந்த பிளாஸ்ரிக் புழுக்களைத் தண்ணீரில் எறியாதீர்கள். அவற்றை விழுங்கிய மீனின் வயிற்றில் அவை ஊதிக் கடினமாகித் தங்கிவிடுகின்றன.

மீன் கைக்கு வந்தபின் செய்ய வேண்டியவை சில. கையையும் அளவுப் பலகையையும் முதலில் நனையுங்கள். மீனின் மேல் இருக்கும் வழும்புதான் நோய்க்கிருமிகளிலிருந்து அதைக் காக்கும் தோல். காய்ந்த கையும் துவாயும் சூடான படகுத்துறைப் பலகையும் அதை உரித்தெடுத்துவிடும். அத்தாங்கு முடிச்சில்லாத இறப்பர் வலையாக இருக்கட்டும். பெரிய பாஸைக் கீழுதட்டில் மட்டும் பிடித்துக் கிடைமட்டமாக நிமிர்த்தாதீர்கள். முழுப்பாரமும் தாடை மூட்டில் இறங்கும். மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். படக்கருவி தயாரான பிறகே மீனைத் தண்ணீரிலிருந்து எடுங்கள். நீங்களும் அதே நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், எவ்வளவு நேரம் என்பது தானாக விளங்கும். முள் ஆழமாக விழுங்கப்பட்டிருந்தால் தோண்டி எடுக்காமல், முள்ளுக்கு அருகே நூலை வெட்டிவிடுவதே பெரும்பாலும் மீனுக்கு நல்லது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நீள்மூக்குக் குறடு கையில் இல்லாதவரைப் போட்டியில் சேர்க்காதீர்கள்.

திகதியைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். நம் வன்னிக் குளங்களில் விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் கீழே காவல் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தச் சங்கங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பார்ப்போடு நிற்கும் விராலுக்குத் தூண்டில் போடாதே என்று என் மாமா முத்தையன்கட்டுக் குளக்கரையில் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. இந்த நாட்டு பாஸும் அதே சாதிக் காவல்காரன்தான். வசந்தத்தில் தண்ணீர் 15, 16 பாகையை எட்டும்போது ஆண் பாஸ் கரையோரச் சரளை நிலத்தை வாலால் விசிறி, வெளிர்நிறத் தட்டுப்போல வட்டக் கூடு செய்கிறது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும், பொரித்துக் கூட்டை விட்டெழுந்து திரியும் குஞ்சுகளையும் ஆண்தான் வாரக்கணக்கில் காக்கிறது. அந்த நாள்களில் அது சரியாக உண்பதுகூட இல்லை. நம் தூண்டிலைக் கடிப்பதும் பசியால் அல்ல, கூட்டுக்குள் வந்த அந்நியனை விரட்டவே.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் தொடக்கத்தில், பருவம் திறக்குமுன்னரே, நான் அப்படி ஒரு ஸ்மோல்மவுத்தைப் பிடித்தேன். விட்டுவிடப் போகிறோமே, என்ன குறை என்று நினைத்தேன். படத்துக்காக இரண்டு நிமிடம் கையில் வைத்திருந்தேன். விட்டதும் அது ஆழத்துக்குப் போனது. கூட்டைக் குனிந்து பார்த்தபோது ஏழெட்டு சன்ஃபிஷ்கள் தலைகீழாக நின்று, பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்த முட்டைகளைக் கொத்திக்கொண்டிருந்தன. அந்த ஆண் மீன் திரும்பி வந்தபோது தட்டு ஏறத்தாழ வெறுமையாக இருந்தது. சற்று நேரம் அதன் மேல் நின்றுவிட்டு, அது மறுபடியும் போய்விட்டது. கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒப்பினிகன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையத்தில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள், பிடித்து விடப்பட்ட காவல் மீன்கள் கூட்டைக் கைவிடும் வாய்ப்பு அதிகம் என்பதையும், எவ்வளவு நேரம் வெளியே வைத்திருக்கிறோமோ அவ்வளவுக்குக் கேடு கூடுகிறது என்பதையும் காட்டியிருக்கின்றன. பிடித்து விட்டுவிட்டேன் என்பது மூடிய பருவத்தில் சட்டத்தின் முன்னும் ஒரு சமாதானம் ஆகாது. அந்த மீனைக் குறிவைப்பதே குற்றம்.

தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான நீர்நிலைகளில் பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை திறக்கிறது. வலயத்துக்கு வலயம் திகதி மாறும். அந்த முதல் சனிக்கிழமையிலேயே போட்டி வைப்பது பலருக்கு ஆசையாக இருக்கிறது. குளிர் நீண்ட ஆண்டுகளில் அன்றும் பல ஆண் மீன்கள் குஞ்சுகளோடுதான் நிற்கின்றன. ஜூலை இரண்டாம் வாரத்துக்கு முன் போட்டி வேண்டாம் என்பது என் பணிவான வேண்டுகோள்.

உயிருள்ள சிறுமீன்களை இரையாகக் கொண்டுவருவோருக்கு ஒரு சொல். 2022 முதல் மாகாணம் இரை மேலாண்மை வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு வலயத்து இரையை இன்னொரு வலயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. மீதமான இரை வாளியைக் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டவும் கூடாது. நம் ஏரிகளில் பாஸின் முட்டைகளைத் தின்னும் கோபி மீனும் கப்பல்களின் சமநிலை நீரோடு பேரேரிகளுக்கு வந்து, பிறகு மனிதர்களின் அசட்டையால் உள்ளேரிகளுக்கும் பரவியதுதான். வாடகைப் படகை ஏரி மாற்றும்போது செடி கொடிகளை அகற்றி, நீரை முழுதாக வடித்துவிட வேண்டும் என்பதும் அதே ஆண்டிலிருந்து சட்டம்.

விதிகளைத் திருத்தும்போது சிறுவர் பிரிவிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குப் பழைய தராசின் மேல் பற்று இல்லை. நனைந்த பலகையில் மீனை வைத்து, தாங்களே எண்ணை வாசித்து, தங்கள் கையாலேயே விடுவதை அவர்கள் பெரியவர்களைவிட விரைவாகப் பழகிக்கொள்வார்கள். என்னிடம் பதினைந்து அளவுப் பலகைகள் இருக்கின்றன. எதிர்முள் நசுக்கிய வட்டமுள்களும் ஈயமில்லாத குண்டுகளும் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். எந்தச் சங்கம் அழைத்தாலும் போட்டிக்கு முன்னைய சனிக்கிழமை மாலை வந்து, அவற்றைக் கொடுத்து, பயன்படுத்தும் முறையையும் செய்து காட்டித் தருகிறேன். பயணச்செலவு எதுவும் வேண்டாம்.

மிக்க அன்புடன்,
ஸ்காபுறோவிலிருந்து ஒரு மீன்பிடி அன்பன்